பள்ளிச் செவிலியர் பதிவேடு

பள்ளியில் செவிலியர் அன்றாடம் குறித்துவைக்கும் நோய், காயம், விடுப்பு விவரங்களின் தொகுப்பு. ஒரு பிள்ளையின் காய்ச்சலில் தொடங்கி, ஊரில் பரவும் நோயையே காட்டிவிடும் வல்லமை இதற்கு உண்டு.

1902 அக்டோபரில், செவிலியர் லில்லியன் வால்டின் முயற்சியால், நியூயார்க்கின் நான்கு பள்ளிகளில் லினா ராஜர்ஸ் பள்ளிச் செவிலியராகப் பணியைத் தொடங்கினார். கண்நோய், படர்தாமரை, பேன் என்று மருத்துவர்கள் திருப்பி அனுப்பிவந்த பிள்ளைகளுக்கு அவர் மருந்திட்டார். வீடு தேடிப்போய்த் தாய்மாருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒரே மாதச் சோதனைதான். பலனைக் கண்ட நகரம் மேலும் செவிலியர்களை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோயால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 10,567 பேர். அடுத்த செப்டம்பரில் 1,101.

2009 ஏப்ரலில் அதே நகரின் குவீன்ஸ் பகுதியில், ஒரு பள்ளிச் செவிலியரின் அறை வாசலில் காய்ச்சலும் தொண்டைவலியுமாக மாணவர்கள் வரிசைகட்டினர். அவர் உடனே நகர நலத்துறைக்குத் தகவல் தந்தார். நியூயார்க்கில் பன்றிக்காய்ச்சல் பரவுவது தெரியவந்தது அப்படித்தான்.