வரிசையில் கடைசி ஆள்

போன வருஷம் ஆகஸ்ட்டில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். டியூஷனுக்குப் போன மகள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். "அப்பா, கிளாஸ் பூட்டியிருக்கு. ஷட்டர்ல ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க."

போய்ப் பார்த்தேன். ஏதோ ஒரு வங்கியின் சொத்துக் கைப்பற்றல் நோட்டீஸ். (எங்கள் வங்கி இல்லை, வேறு ஒன்று.) டோம்பிவிலி பக்கம் இதே மாதிரி நோட்டீஸை நானே எத்தனையோ ஷட்டரில் ஒட்டவைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் தெருவில் கூடி நிற்பவர்கள் யார் என்று திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

பத்தாம் வகுப்பு முழு வருஷத்துக்கும் சேர்த்து ஏப்ரலில் 36,000 ரூபாய் செக்காகக் கொடுத்திருந்தோம். "மாசாமாசம் கட்டிக்கலாமே" என்று தங்கமணி அப்போதே சொன்னாள். மொத்தமாகக் கட்டினால் கழிவு உண்டு என்றதும் மயங்கியது அடியேன்தான். நாலு மாசம் பாடம் நடந்தது. மீதி எட்டு மாசத்துக்கான 24,000 ரூபாய் அந்த ஷட்டருக்குப் பின்னால்.

"பேங்க் ஆபீசர் வீட்லயே இப்படியா?" என்றாள் தங்கமணி. பதில் இல்லை. கடை மூடினால் யாருக்கு முதலில் பணம், யாருக்குக் கடைசியில் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். இதுவரை வரிசையின் முதல் இடத்தில் நின்றே பழகியவன், இப்போது கடைசியில். அந்த வரிசை எப்படி உண்டானது என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம், வாங்க.

சின்னக் கடன்களைச் சுலபமாக வசூலிக்க என்றே கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் மூன்று நகரங்களுக்கும் 1850-ல் ஒரு சட்டம் வந்தது. அதில் பிறந்தவைதான் ஸ்மால் காஸ் கோர்ட்டுகள். மும்பையில் தோபி தலாவ் பக்கம் அந்தக் கோர்ட் இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே பெரும்பாலும் வாடகைத் தகராறுகள்தான்.

அடுத்து வந்ததுதான் பெரிய திருப்பம். 1857-ல் இந்தியாவில் கம்பெனிகளுக்கு 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' வந்தது. அதாவது, கம்பெனி நொடித்தால் பங்குதாரர் தன் பங்குக்கான பணத்தை இழப்பார், அவ்வளவே. அவர் வீட்டு வாசலில் போய் யாரும் நிற்க முடியாது. வங்கிகளுக்கு முதலில் இந்தச் சலுகை இல்லை, 1860-ல்தான் கிடைத்தது. தனிநபர் கடைக்காரருக்கோ இது கிடையவே கிடையாது. கடையும் அவரும் ஒன்று. ஷட்டரை இறக்கினாலும் கடன் அவர் தலையில்தான். கூட்டு வியாபாரத்திலும் அப்படியே. 1932-ன் பார்ட்னர்ஷிப் சட்டப்படி மொத்தக் கடனையும் எந்தப் பார்ட்னரிடமும் கேட்கலாம்.

1872-ல் ஒப்பந்தச் சட்டம் வந்தது. ஒப்பந்தம் செல்லாமல் போனால், அதனால் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65-வது பிரிவு. ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 73-வது பிரிவு. இந்த வருஷம் டியூஷன் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட நியாயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் நியாயம் இருந்தால் போதுமா, பணம் இருக்க வேண்டாமா? மெட்ராஸ்காரர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அர்பத்நாட். ஊரே நம்பியிருந்த அந்த வெள்ளைக்கார நிறுவனம் 1906 அக்டோபர் 22-ல் கதவைச் சாத்தியது. பென்ஷன்காரர்களும் சிறுசேமிப்புக்காரர்களும் நடுத்தெருவில். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. முதலாளி ஜெயிலுக்குப் போனதால் பணம் போட்டவன் பை நிறையவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கியது இந்த அடிக்குப் பிறகுதான்.

நொடித்துப்போன தனிநபர்களுக்காக பிரசிடென்சி நகரங்களுக்கு 1909-லும், மற்ற இடங்களுக்கு 1920-லும் திவால் சட்டங்கள் வந்தன. வரிசை தெளிவாக எழுதப்பட்டது. அடமானம் வாங்கியவன் தன் சொத்தைத் தனியாக எடுத்துக்கொள்வான். மிச்சத்தில் அரசு பாக்கியும் குறிப்பிட்ட அளவு சம்பள பாக்கியும் முதலில். அதற்குப் பிறகு மிஞ்சுவதை மற்றவர்கள் விகிதாசாரப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுத்தவன் அந்த 'மற்றவர்களில்' ஒருத்தன். 2002-ன் சர்ஃபேசி சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது. அந்த நோட்டீஸ்தான் எங்கள் ஷட்டரில். கம்பெனிகளுக்கான 2016-ன் திவால் சட்டத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். 2018-ல் ஒரு திருத்தம் வந்து, வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்களை நிதிக் கடன்தாரர்களாகச் சேர்த்தார்கள். டியூஷனுக்கும் ஜிம்முக்கும் கட்டியவர்கள் கீழேயே நிற்கிறார்கள்.

நம் பக்கம் கை கொடுத்த ஒரே சட்டம் 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதுவும் முதலில் எதிர்க்கட்சி இருக்கும் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் புகார் கொடுக்க விட்டது. மாற்றலாகி ஊர் ஊராய்ப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ன் புதிய சட்டம், நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று மாற்றியது. கெடு இரண்டு வருஷம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ரசீதை எடுத்துப் பார்த்தேன். அடியில் 'புரோப்ரைட்டர்' என்று இருந்தது. அப்பாடா! பிரைவேட் லிமிடெட் என்றிருந்தால் பாதி நம்பிக்கை அங்கேயே போயிருக்கும். ரசீது, செக் விவரம், பாஸ்புக் நகல், மூடிய ஷட்டரின் போட்டோ எல்லாம் சேர்த்து, நடந்த நாலு மாசத்தைக் கழித்து 24,000 மட்டும் கேட்டு ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். சமரசத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் அவரை முதல்முறை உட்கார்ந்து பார்த்தேன். கணக்கு வாத்தியார். சொந்த ரூமை அடமானம் வைத்து இரண்டாவது கிளை திறந்து, அதில் மூழ்கியவர். "சார், ஒரேயடியாக முடியாது" என்றார் இந்தியில். மூன்று தவணையில் 18,000 என்று முடித்தோம். 6,000 நஷ்டம்தான். ஆனால் வராக்கடனில் முக்கால் பங்கு திரும்பினால் எங்கள் ஆபீஸில் இனிப்பு கொடுப்பார்கள் :-)

எங்களோடு அன்று ஷட்டர் முன் நின்ற பல குடும்பங்கள் புகாரே கொடுக்கவில்லை. சிலரிடம் ரசீது இல்லை. சிலர் "போனது போனதுதான்" என்று விட்டுவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டிய ஒரே ஒருவர், சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடமே சார்ஜ்பேக் கேட்டு, எங்களுக்கெல்லாம் முன்பே முழுசாக வாங்கிவிட்டார். அதற்கும் கெடு உண்டு, தாமதிக்கக் கூடாது.

மூன்றாவது தவணையை வாத்தியாரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். தங்கமணி காபி கொடுத்தாள். மகளிடம் "டிரிகோணமெட்ரி முடிஞ்சுதா?" என்று கேட்டு, அவள் விழிப்பதைப் பார்த்து, அரை மணி நேரம் உட்கார்ந்து இரண்டு கணக்குப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

போன மாதம் ஒரு ஜிம்மில் நோட்டீஸ் ஒட்டப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் தெருவில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, "யாராவது வருஷச் சந்தா கட்டியிருக்கீங்களா? ரசீதைப் பத்திரமா வைங்க" என்றேன். கூட வந்த ஜூனியர் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.