ஒப்ஷன் அட்டவணையை வாசிப்பது எப்படி? பணம் கட்டுமுன் அறிய வேண்டியவை

அண்மையில் எனது பழைய மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டி, "சேர், இதில் எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?" எனக் கேட்டார். திரையில் இருந்தது அமெரிக்கப் பங்கு ஒன்றின் ஒப்ஷன் அட்டவணை. அவருக்குச் சொன்னது மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒப்ஷன் என்பது பங்கு அல்ல, ஓர் உரிமை. குறித்த பங்கை, குறித்த திகதிக்குள், குறித்த விலைக்கு வாங்கும் உரிமை 'கோல்'. விற்கும் உரிமை 'புட்'. குறித்த அந்த விலையை 'ஸ்ட்ரைக்' என்பர். உரிமைக்காகக் கொடுக்கும் பணம் பிரீமியம். இது காணிக்குக் கொடுக்கும் முற்பணம் போலத் தோன்றும். ஆனால் முற்பணம் காணியின் விலையில் கழியும். பிரீமியம் பங்கின் விலையில் கழியாது.

ஓர் உதாரணம். பங்கின் விலை 100 டொலர். 105 டொலர் ஸ்ட்ரைக் கொண்ட கோலுக்கு, வாங்குவோர் கேட்கும் விலை (பிட்) 1.80, விற்போர் சொல்லும் விலை (ஆஸ்க்) 2.00. அமெரிக்காவில் ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கானது. ஆகவே நீங்கள் கட்டுவது 200 டொலர். உடனே விற்றால் கிடைப்பது 180. தவணை முடியும் நாளில் பங்கு 107ஐத் தாண்டினால்தான் இலாபம். பங்கு 104க்கு உயர்ந்து நின்றால், உங்கள் கணிப்பு சரியாக இருந்தும் 200 டொலரும் போய்விடும்.

அடுத்து 'வொலியூம்': இன்று கைமாறிய ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. 'ஓபன் இன்ட்ரஸ்ட்': இன்னும் முடிக்கப்படாமல் நிலுவையில் உள்ள ஒப்பந்தங்கள். இங்கே 'இன்ட்ரஸ்ட்' என்பது வட்டியல்ல. இந்த எண்கள் பெரிதாக இருப்பதால் விலை ஏறும் என்று பொருளில்லை. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வாங்கியவர் ஒருவர் இருப்பது போல் விற்றவரும் ஒருவர் இருக்கிறார்.

'இம்ப்ளைட் வொலட்டிலிட்டி' என்பது பங்கு எந்தளவு ஏறி இறங்கும் எனச் சந்தை எதிர்பார்க்கிறது என்பதைக் காட்டும். கம்பனியின் இலாப அறிக்கைக்கு முன் இது வழமையாக உயர்ந்து, பின் சரியும். அதனுடன் பிரீமியமும் குறையும். 'தீட்டா' மைனஸ் 0.05 எனில், மற்றவை மாறாதிருந்தால் ஓர் ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு சுமார் 5 டொலர் கரைகிறது.

வாங்கியவரின் நட்டம் பிரீமியத்துடன் நின்றுவிடும். பங்கைக் கையில் வைத்திராமல் கோல் விற்றவரின் நட்டத்துக்கோ எல்லையில்லை.

இந்தியாவின் செபி நிறுவனம் 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் பியூச்சர்ஸ், ஒப்ஷன் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதமானோர் நட்டமடைந்தனர்.

மார்க்க ரீதியில், ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1992இல் நிறைவேற்றிய 63ஆம் இலக்கத் தீர்மானம், இன்று சந்தையில் நடைபெறும் ஒப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாது என்கிறது. அங்கே விற்கப்படுவது பொருளுமல்ல, பயன்பாடுமல்ல, விலைக்கு மாற்றத்தக்க நிதி உரிமையுமல்ல என்பது அதன் காரணம். மேலதிக விளக்கத்துக்கு ஆலிம்களை அணுகுங்கள்.

மாணவரிடம் இறுதியாக ஒன்று கேட்டேன்: "பங்கு எந்த விலையைத் தாண்டினால் உமக்கு இலாபம்?" அவரிடம் பதில் இல்லை. அந்தப் பதில் தெரியாமல் எவரும் ஒரு சதமேனும் கட்ட வேண்டாம்.