ட்ரை முன்மொழிவு (கோ நிரல்மொழி)
கோ மொழியில் பிழை கையாளும் நிரலைச் சுருக்க, 2019 ஜூனில் ராபர்ட் கிரீஸ்மர் முன்வைத்த திட்டம். பிழை நேரக்கூடிய கோ செயற்கூறு தன் விடையோடு பிழையையும் இன்னொரு மதிப்பாகத் திருப்பித் தரும். அந்தப் பிழை மதிப்பு வெறுமையா என்று அழைத்தவரே ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று வரி, பக்கத்துக்குப் பக்கம். ‘ட்ரை’ என்னும் உள்ளமை செயற்கூறு அந்தச் சோதனையைத் தானே செய்து, பிழையிருந்தால் தன்னைச் சூழ்ந்த செயற்கூற்றை உடனே அப்பிழையுடன் திரும்பச் செய்யும். ரஸ்ட் மொழியின் கேள்விக்குறி இயக்கி (2016) செய்வதும் ஏறத்தாழ இதுவே. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அதில் நியாயமும் உண்டு. நீண்ட கோவைக்குள் சாதாரண அழைப்பைப்போல நிற்கும் ட்ரை ஒரு வெளியேறும் வழி என்பது படிப்பவர் கண்ணில் படாது. ஜூலையிலேயே திட்டம் கைவிடப்பட்டது. பிழை கையாளுதலுக்குப் புதுத் தொடரியல் தேடும் முயற்சியையே இப்போதைக்கு நிறுத்துவதாக 2025-இல் கோ குழு அறிவித்தது.