மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி எழுந்த பள்ளிக்கூடம்

19-ஆம் நூற்றாண்டு இலங்கையில் முஸ்லிம் பிள்ளைக்குப் படிப்பு என்றால் அது ஓதற்பள்ளிதான். சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வருவதற்குள் பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். எதிரே ஓதிக்கொடுக்கும் லெப்பை. மடியில் பலகை. அலிஃப், பே, தே என்று ஒரு பிள்ளை தொடங்கினால் மற்றவை கூடவே இழுக்கும். குர்ஆனை முழுவதும் ஓதி முடித்த பிள்ளையின் வீட்டில் அன்று விருந்து நடக்கும். ஒளு எடுப்பதும் தொழுவதும் மட்டுமா அங்கே பழகின? பெரியவர்களைக் கண்டால் ஸலாம் சொல்வதும், சோற்றில் கைவைக்கும் முன் பிஸ்மி சொல்வதும் லெப்பையின் கண்பார்வையில் படிந்த பழக்கங்கள்தான். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழ் நூல்கள் வீடுகளுக்குள்ளும் புழங்கின. பெண்களும் அவற்றை வாசித்தார்கள். இந்தச் சமூகத்தை எழுத்தறியாத சமூகம் என்று அந்நாளில் சிலர் எழுதி வைத்தது பெரிய அநியாயம்.

ஆனால் ஓதற்பள்ளியின் வாசலைத் தாண்டினால் வேறு உலகம். நீதிமன்றம், சுங்கம், கச்சேரி எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலம் கற்க வேண்டுமென்றால் மிஷன் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே போன பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடுமோ என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மதமாற்றம் என்பது அப்பள்ளிகளின் ஒளிவுமறைவில்லாத நோக்கம். யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு 1848-இலேயே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி திறந்து ஒரு வழி காட்டிவிட்டார். 1880-இல் அமெரிக்கரான கர்னல் ஆல்காட் வந்த பிறகு பௌத்தர்களும் பள்ளி தொடங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டும் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பைப் பொறுக்காதவர் கண்டி வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை (1838–1898). 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885-இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலை எழுதினார். இலங்கைத் தமிழின் முதல் நாவலாக அதைச் சொல்வார்கள். இரண்டையும்விட அவருடைய உயிர் இருந்தது கல்வியில். பொருள் தெரியாமல் ஓதி ஒப்பிப்பது போதாது என்று அவர் வெளிப்படையாக எழுதினார். பிள்ளை அரபியை இலக்கணத்தோடு கற்க வேண்டும், கூடவே தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் கற்க வேண்டும் என்பது அவர் கட்சி. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்து அதைத் தம் சகோதரியின் பொறுப்பில் விட்டார். அந்நாளில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எதிர்ப்பு வெளியிலிருந்து வரவில்லை. தம் மக்களிடமிருந்தே வந்தது.

எதிர்பாராத துணை எகிப்திலிருந்து கிடைத்தது. பிரிட்டிஷாரிடம் தோற்று நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். படைத்தலைவராக இருந்தவர், அரபியில் வல்லவர், ஐரோப்பியர் முன் தலைநிமிர்ந்து நின்றவர். நவீனக் கல்வி கற்றால் ஈமான் போய்விடும் என்று சொன்னவர்களுக்கு இந்த ஒரு மனிதரே கண்முன் நின்ற பதில். சித்திலெப்பையும் அவரும் சேர்ந்து எடுத்த முதல் பள்ளி முயற்சி கொழும்பில் நிலைக்கவில்லை. இருவரும் அதோடு ஓய்ந்துவிடவும் இல்லை.

மூன்றாவதாகச் சேர்ந்தவர் வாப்பிச்சி மரைக்கார், கட்டட ஒப்பந்தக்காரர். கொழும்பு அருங்காட்சியகம் அவர் கட்டியது. 1877-இல் அதன் திறப்பு விழாவில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கிரெகரி கேட்டபோது, பட்டமும் பதவியும் கேட்காமல், வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டதாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஜும்ஆ நாளை மதித்துக் கேட்ட அந்த வேண்டுகோள் ஏற்கப்பட்டதாம். ஒரு பள்ளியின் பாடத்திட்டத்தைவிட, அதைக் கட்டியவரைப் பற்றிய இப்படியொரு செய்தி பிள்ளைகளுக்கு அதிகம் கற்றுத்தரும்.

1892 ஆகஸ்ட் 22 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளவில் பள்ளி தொடங்கியது. பின்னாளில் அது ஸாஹிராக் கல்லூரியாயிற்று. இடத் தேர்வைக் கவனிக்க வேண்டும். பாங்கு சொன்னால் வகுப்பறையில் கேட்கும். கணக்குப் பாடம் முடித்த கையோடு பிள்ளை ளுஹர் தொழுகை வரிசையில் போய் நிற்கலாம். ஒழுக்கத்தை ஒரு பாடவேளைக்குள் அடைத்து வைக்காமல் நாள் முழுவதும் பரப்பி விட்டார்கள். காலையில் லெப்பையிடம் ஒரு பிள்ளை, பகலில் பாதிரியாரிடம் வேறொரு பிள்ளை என்று அவன் இரண்டாகக் கிழிபடத் தேவையில்லை. ஸ்தாபகர்களின் பெரிய சாதனை இதுதான் என்று தோன்றுகிறது.

ஆனாலும் தொடக்க ஆண்டுகள் மெலிந்தவை. 1921-இல் மலாய் சமூகத்தைச் சேர்ந்த டி. பி. ஜாயா அதிபராக வந்தபோது மாணவர் தொகை நூறைக்கூடத் தொடவில்லை. பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து வந்தவர் அவர். ஒரு சமயக் கல்லூரி எப்படி நாட்டின் கல்லூரியாக வளர்கிறது என்பதை உள்ளிருந்தே பார்த்தவர். 27 ஆண்டுகளில் மாணவர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம் எனக் கிளைகள் எழுந்தன. அதே ஜாயா 1945-இல் அரசாங்க சபையில், தம் சமூகத்துக்கான தனிக் கோரிக்கைகளை ஒதுக்கி வைத்து, நாட்டின் சுதந்திரத்தை நோக்கிய திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அதிபர் அப்படி நடந்துகொண்டதை மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1948-இல் அவருக்குப் பின் வந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர். இலங்கை சிவில் சேவைக்குத் தேர்வான முதல் முஸ்லிம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, வயல் வேலையில் அமிழ்ந்து கிடந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நேரில் கண்டார். அந்த நினைவு அவரை விடவில்லை. 1945-இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். பிறகு, யாரும் விட மனம் துணியாத சிவில் சேவை உத்தியோகத்தையே உதறிவிட்டுக் கல்லூரி அதிபர் நாற்காலிக்கு வந்தார். ஓர் உத்தியோகத்தைத் துறப்பதைவிடச் சத்தமாக எந்த நீதிபோதனை வகுப்பு பேசும்?

அஸீஸ் காலத்து ஸாஹிராவில் இஸ்லாமியப் பண்பாடு உறுதியாக இருந்தது, கதவும் திறந்திருந்தது. முஸ்லிம் அல்லாத ஆசிரியர்களும் மாணவர்களும் அங்கே இருந்தார்கள். வடமராட்சிக் கரவெட்டியிலிருந்து கார்த்திகேசு சிவத்தம்பி அங்கேதான் படிக்க வந்தார். பின்னாளில் தமிழ் இலக்கிய ஆய்வின் பெரும் பெயராக வளர்ந்த அவர், பட்டம் பெற்ற பிறகு அதே கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். அஸீஸ் 1961 வரை அதிபராக இருந்தார். அவர் எழுதிய ‘இலங்கையில் இஸ்லாம்’ நூலுக்கு அடுத்த சில ஆண்டுகளில் சாகித்தியப் பரிசு கிடைத்தது. அதை அவர் எழுதியது சித்திலெப்பை பத்திரிகை நடத்திய அதே தமிழில்.