முடிச்சும் துய்த்தலும்

கதையின் முடிவைப் பற்றிப் பேசும்போது நம் விமர்சகர்கள் ‘முடிச்சு அவிழ்தல்’ என்கிறார்கள். ‘தெநூமான்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் நேர்பெயர்ப்பு இது. கடைசிப் பத்தியில் ஒரு திருப்பம், அதோடு கதை தீர்ந்தது என்ற அர்த்தத்தில்தான் இங்கே புழங்குகிறது. வாரப் பத்திரிகைக் கதைகள் இந்த அர்த்தத்தை ஸ்திரப்படுத்திவிட்டன.

மூலத்தில் அர்த்தம் வேறு. அரிஸ்டாட்டில் ‘கவிதையிய’லின் 18ஆம் அத்தியாயத்தில் துன்பியல் நாடகத்தைக் கட்டு, அவிழ்ப்பு என இரண்டாகப் பகுக்கிறார். பாத்திரத்தின் நிலை மாறத் தொடங்கும் இடம்வரை கட்டு; அங்கிருந்து இறுதிவரை அவிழ்ப்பு. அதாவது அவிழ்ப்பு ஒரு புள்ளி அல்ல, படைப்பின் ஒரு பகுதி. அது கதையிலிருந்தே பிறக்க வேண்டும், மேடைப் பொறியிலிருந்து அல்ல என்று யூரிப்பிடீஸின் ‘மெடீயா’வைச் சுட்டி அவர் குறை சொல்வதும் இதனால்தான்.

நம்மிடமும் ஒரு சொல் இருந்தது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகச் சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாகச் சொல்கிறார். வடமொழியில் நிர்வஹணம் எனப்படும் ஐந்தாவது, இங்கே துய்த்தல் ஆகிறது. உவமை பயிர். விதை முளைத்து, வளர்ந்து, கருக்கொண்டு, முற்றிய பின் அறுத்துப் போரடித்துத் தூற்றி, வீடு கொண்டுசேர்த்து உண்பது துய்த்தல். அறுத்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை என்பது உழுதவனுக்குத் தெரியும்.

சிலம்பையே பார்க்கலாம். முடிச்சு என்று ஒன்று இருந்தால், சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோதே அது அவிழ்ந்துவிட்டது. அது வழக்குரை காதை, முப்பதில் இருபதாவது. அதற்குப் பிறகும் பத்துப் பகுதிகள் இருக்கின்றன. வஞ்சிக் காண்டம் ஒட்டுச்சேர்க்கை என்று தோன்றுவது, முடிவைப் புள்ளியாக எண்ணிப் பழகிய கண்ணுக்குத்தான். ஒரு பெண்ணின் கோபம் ஊரையும் அரசையும் கடந்து என்னவாகிறது என்பது அங்கேதான் விளங்குகிறது.

துய்த்தலிலும் ஓர் ஆபத்து உண்டு; உண்டவன் வயிறு நிறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. செக்காவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’ (1899), கஷ்டமான பகுதி இனிமேல்தான் என்று சொல்லி நின்றுவிடுகிறது. நிறைவும் இல்லை, அவிழ்ப்பும் இல்லை. ஆனால் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு முதல்முறையாக நேசிக்கக் கற்றுக்கொண்ட ஒரு மனிதனை நாம் கண்டுவிட்டோம். விளைந்தது அது.

ஆகவே கதை எப்படி முடிந்தது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அதில் என்ன விளைந்தது என்று கேட்கலாம். கடைசி வரியை மட்டும் நம்பி எழுதுகிறவர்களுக்கு இது சங்கடமான கேள்விதான்.