பாலாட்ரோ ஆட்டத்தின் புள்ளி உத்திகள்

பாலாட்ரோ என்பது போக்கர் சீட்டாட்டத்தின் கைகளை அடிப்படையாகக் கொண்டு, தனி ஒருவர் ஆடும் நிகழ்பட ஆட்டம் ஆகும். லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் கனடிய நிரலாளர் இதனை லுவா நிரல்மொழியில் உருவாக்கினார். பிளேஸ்டாக் நிறுவனம் இதனை 2024 பெப்ரவரி 20 அன்று வெளியிட்டது. பாலாட்ரோ என்பது கோமாளியைக் குறிக்கும் இலத்தீன் சொல். இவ்வாட்டத்தில் எதிராளி கிடையாது. ஆடுபவர் ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பிட்ட புள்ளி இலக்கை எட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் தவறினாலும் ஆட்டம் முடிந்து, தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆட வேண்டும். எனவே, புள்ளி எவ்வாறு பெருகுகின்றது என்பதை அறிவதே இவ்வாட்டத்தின் அடிப்படை உத்தி ஆகும்.

ஆட்ட அமைப்பு

ஆட்டத்தில் 8 சுற்றுகளும், ஒவ்வொரு சுற்றிலும் 3 கட்டங்களும் உள்ளன. பொதுவாக 52 சீட்டுகள் கொண்ட கட்டுடன் ஆட்டம் தொடங்கும். ஆடுபவர் கையில் 8 சீட்டுகள் இருக்கும். அவற்றுள் 5 வரை தேர்ந்தெடுத்து ஆடலாம், அல்லது கழித்துவிட்டுப் புதிய சீட்டுகளைப் பெறலாம். வழக்கமான அமைப்பில், ஒரு கட்டத்தில் 4 முறை ஆடவும் 3 முறை கழிக்கவும் இயலும். கட்டங்களுக்கு இடையே வரும் கடையில் ஆட்டக்காசு கொடுத்து, புள்ளியை உயர்த்தும் ஜோக்கர்களையும் சீட்டுக்கட்டை மாற்றும் வேறு சீட்டுகளையும் வாங்கலாம். ஒரே நேரத்தில் பொதுவாக 5 ஜோக்கர்கள் வரை வைத்திருக்கலாம்.

புள்ளிக் கணக்கு

ஒவ்வொரு கைக்கும் சில்லு, பெருக்கி என இரு எண்கள் உண்டு. இவ்விரண்டின் பெருக்கற்பலனே புள்ளி ஆகும். சில கைகளின் தொடக்க மதிப்புகள் பின்வருமாறு:

- ஒரே மதிப்புள்ள இரு சீட்டுகள்: 10 × 2
- ஒரே மதிப்புள்ள மூன்று சீட்டுகள்: 30 × 3
- வரிசையாக ஐந்து சீட்டுகள்: 30 × 4
- ஒரே இனத்தைச் சேர்ந்த ஐந்து சீட்டுகள், அதாவது ஃபிளஷ்: 35 × 4
- ஒரே மதிப்புள்ள நான்கு சீட்டுகள்: 60 × 7

கையை அமைக்கும் சீட்டுகளின் மதிப்பு சில்லுடன் கூட்டப்படும். ஏஸ் 11, படச் சீட்டுகள் 10, ஏனையவை அவற்றின் எண்ணளவு பெறும். எடுத்துக்காட்டாக, ஆட்டின் இனத்தில் ஏஸ், ராஜா, 9, 6, 4 ஆகியவற்றை ஆடினால், சீட்டுகளின் மதிப்பு 40 ஆகும். சில்லு 35 + 40 = 75; பெருக்கி 4; புள்ளி 300. முதல் கட்டத்தின் இலக்கும் சரியாக 300 ஆகும்.

ஆனால் எளிய நிலையிலேயே சுற்றுகளின் அடிப்படை இலக்கு 300, 800, 2,000, 5,000, 11,000, 20,000, 35,000, 50,000 என உயர்கின்றது. ஒரு சுற்றின் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் இதன் இருமடங்கு தேவைப்படும். எனவே, நல்ல கைகளை மட்டும் நம்பி எட்டாம் சுற்றைக் கடத்தல் அரிது.

முதன்மை உத்திகள்

பெருக்கியை உயர்த்தல்: மேற்கண்ட ஃபிளஷ் கையில் 30 சில்லு கூடுதலாகத் தரும் சீட்டு ஒன்று இருப்பின், புள்ளி 105 × 4 = 420 ஆகும். மாறாக, பெருக்கியில் 4 கூட்டும் சீட்டு இருப்பின், 75 × 8 = 600 கிடைக்கும். இரு எண்களுள் சிறியதை வளர்ப்பதே பெரும்பாலும் மிகுந்த பயன் தரும்.

ஜோக்கர்களின் வரிசை: ஜோக்கர்கள் இடமிருந்து வலமாகக் கணக்கிடப்படுகின்றன. பெருக்கியில் 4 கூட்டும் ஜோக்கர் முதலிலும், ஃபிளஷ் கைக்கு அதனை இருமடங்காக்கும் ஜோக்கர் அடுத்தும் இருந்தால், (4 + 4) × 2 = 16. இடம் மாறினால், 4 × 2 + 4 = 12. அதே 75 சில்லுக்கு முறையே 1,200, 900 புள்ளிகள் கிடைக்கும். ஆகவே கூட்டுவன இடப்புறமும், மடங்காக்குவன வலப்புறமும் இருத்தல் நன்று.

சீட்டுக்கட்டைச் செதுக்கல்: வேண்டாத சீட்டுகளை நீக்குதல், இனத்தை மாற்றுதல் ஆகியவற்றால் விரும்பிய கை வரும் வாய்ப்பைக் கூட்டலாம். இவ்வாட்டத்தில் 26 இஸ்பேட், 26 ஆட்டின் மட்டுமே கொண்ட கட்டு ஒன்றும் உண்டு. அதில் எடுக்கும் முதல் 8 சீட்டுகளிலேயே ஃபிளஷ் அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு ஆகும். நான்குக்கு நான்காக வந்தால், ஓர் இனத்தின் நான்கையும் கழித்து எடுக்கலாம்; இவ்வாறு ஒருமுறை கழித்தால் மொத்த வாய்ப்பு ஏறத்தாழ 98 விழுக்காட்டை எட்டும்.

ஆட்டக்காசைச் சேமித்தல்: கையிருப்பில் உள்ள ஒவ்வொரு 5 காசுக்கும் 1 காசு வட்டி கிடைக்கும், பொதுவான உச்சவரம்பு 5. எனவே 25 காசு வரை சேமித்தல் பயன் தரும். எனினும், சேமிப்புக்காகத் தேவையான ஜோக்கரை வாங்காது விட்டுத் தோற்போரும் உளர்.

ஒரே கையை நம்புவதில் இடர் உண்டு. சில கடைசிக் கட்டங்கள் ஓர் இனச் சீட்டுகளின் மதிப்பை முழுதும் நீக்கிவிடும். வேறொன்றில், ஒரு வகைக் கையை இருமுறை ஆட இயலாது.

வாய்ப்பும் திறனும்

எந்தச் சீட்டு வரும் என்பது வாய்ப்பு. எதை வைத்து எதைக் கழிப்பது என்பது திறன். இவ்வேறுபாடு இந்தியாவில் சட்ட வினாவாகவும் எழுந்துள்ளது. 1968 இல் உச்ச நீதிமன்றம், சீட்டுகளை நினைவில் கொள்வதற்கும் வைத்தல், கழித்தல் ஆகியவற்றுக்கும் திறன் தேவை என்பதால், ரம்மி பெரிதும் திறன் சார்ந்த ஆட்டம் எனக் கூறியது. தமிழ்நாடு அரசின் 2022 ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு சார்ந்த ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றபோதும், இவ்விரண்டையும் அவ்வாறு பட்டியலிட்டது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2025 ஆகத்தில் இயற்றப்பட்ட நடுவண் அரசுச் சட்டமோ, திறன், வாய்ப்பு என்ற வேறுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடை செய்தது.

பாலாட்ரோவில் பந்தயம் இல்லை. அதிலுள்ள காசை மெய்ப்பணமாக மாற்ற இயலாது. எனினும், சூதாட்டச் சாயலைக் காரணம் காட்டி ஐரோப்பிய வயது மதிப்பீட்டு அமைப்பான பெகி 2024 இல் இதனை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியதாக வகைப்படுத்தியது. மேல்முறையீட்டுக்குப் பின், 2025 பெப்ரவரியில் அவ்வரம்பு 12 ஆகக் குறைக்கப்பட்டது.