விளிம்புக் கூம்பு செல்களும் பகற்பார்வையும்: ஒரு நோய் வரையறையின் வரலாறு

முன்னுரை

பகலொளியில் காண்பதற்கும் நிறங்களைப் பிரித்தறிவதற்கும் விழித்திரையின் கூம்பு செல்களே அடிப்படை. இவற்றைத் தாக்கும் நோய்களின் முதன்மை அறிகுறிகளாக நடுப்பார்வை மங்கல், ஒளிக்கூச்சம், நிறக்குறை ஆகியன கூறப்படும். நடுப்பார்வை தெளிவாக இருக்க, விளிம்பிலுள்ள கூம்பு செல்கள் மட்டும் நலிவுறும் நிலை காலந்தாழ்ந்து அறியப்பட்டது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அடர்த்தியும் தொகையும்

மங்கிய ஒளிக்குக் குச்சி செல்கள், பகலொளிக்குக் கூம்பு செல்கள் என்னும் பகுப்பை 1866இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் மாக்ஸ் சுல்ட்சே முன்வைத்தார். 1935இல் டென்மார்க்கின் ஓஸ்டர்பெர்க் மனித விழித்திரையில் அச்செல்களை எண்ணி, கூம்பு செல்களின் அடர்த்தி மையக்குழியில் உச்சமடைவதைக் காட்டினார். எனினும் அடர்த்தி வேறு, தொகை வேறு. ஏறத்தாழ 60 லட்சம் கூம்பு செல்களுள் மிகப் பெரும்பான்மை மையக்குழிக்கு வெளியிலேயே உள்ளது.

கருவிகளின் எல்லை

1862இல் ஸ்னெல்லன் வெளியிட்ட எழுத்து அட்டை மையக்குழியின் கூர்மையை மட்டுமே அளக்கும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட விழிநோக்கி, கண்ணுக்குப் புலப்படும் மாற்றங்களை மட்டுமே காட்டும். எழுத்து அட்டை முழுவதையும் வாசிக்கும் ஒருவர், பகலில் பக்கவாட்டில் வருவதைக் காண இயலவில்லை என்று முறையிட்டால், அதற்குரிய சான்று இவ்விரு கருவிகளிலும் கிட்டாமல் போகலாம்.

விழித்திரை மின்வரைவு இந்நிலையை மாற்றியது. நொடிக்கு 30 முறை மின்னும் ஒளியைக் குச்சி செல்கள் பின்தொடர இயலாது. ஆகவே அப்போது பதிவாவது கூம்பு செல்களின் துலங்கலே. ஆயினும் முழுப்புல மின்வரைவு விழித்திரை முழுவதன் கூட்டுத்தொகையையே தரும். 1989இல் ஜப்பானின் மியாகே குழுவினர் விவரித்த மறைநிலை மாகுலா நலிவில், மையம் பழுதுற்றும் இம்மின்வரைவு இயல்பாகவே இருந்தது. விளிம்பு நலிவு இதன் மறுதலை: மின்வரைவு குன்றும்; பார்வைக் கூர்மையோ பெரிதும் நிலைத்திருக்கும். இத்தகைய விளிம்பு நலிவை 1988இல் நோபிள், சீகல், கார் ஆகியோர் பதிவு செய்தனர். சட்டர் 1992இல் விளக்கிய பல்குவிய மின்வரைவு, இடவாரியாகத் துலங்கலைப் பிரித்தளக்க வழிவகுத்தது. 2004இல் கொண்டோ, மியாகே முதலியோர் விளிம்புக் கூம்பு நலிவைக் கூம்பு நலிவின் தனி வகையாக நிறுவினர்.

முடிவுரை

கூம்பு செல்கள் மையத்திற்கே உரியவை என்னும் எண்ணம், அடர்த்தியைத் தொகையாகக் கொண்டதன் விளைவு. நோயாளியின் முறையீட்டைக் கருவி உறுதிசெய்யாதபோது, ஐயுற வேண்டியது முறையீட்டை மட்டுமன்று, கருவியின் எல்லையையும்தான் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.